ஓமமும் தைமும்: வாசனையை விற்கிறோம், அளவை எப்போது சொல்வோம்?

ஒரே சரக்கு, இரண்டு பெயர், இரண்டு விலை. வணிகவியல் படிக்கிற யாருக்கும் இதைப் பார்த்தால் கை அரிக்கும். எனக்கும் அரித்தது. அதனால்தான் பி.காம். புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டு ஓமத்தைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டேன்.

'தைம் எசென்ஷியல் ஆயில்' என்று சின்னஞ்சிறு பழுப்பு நிறப் புட்டியில் விற்கிறார்கள். பத்து மில்லிதான். விலையைப் பார்த்தால் ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டைத் தாண்டும். கிருமியைக் கொல்லும், இருமலைப் போக்கும், பூஞ்சையை விரட்டும் என்று அட்டையில் வரிசையாக எழுதியிருக்கும். அந்த எண்ணெயில் கிருமியைக் கொல்லும் வேலையைப் பெரும்பாலும் செய்வது தைமால் என்ற ஒரு பொருள். அதே தைமால் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் ஓமத்திலும் இருக்கிறது. கொஞ்சநஞ்சம் இல்லை, தைமுக்குச் சளைக்காத அளவில் இருக்கிறது.

உடனே "பார்த்தீர்களா, நம் முன்னோர்கள் எப்பேர்ப்பட்டவர்கள்!" என்று நான் ஆரம்பிக்கப் போவதாக நினைக்காதீர்கள். அந்தக் கட்டுரையை ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது வேறு. ஓமமாகட்டும் தைமாகட்டும், நாம் வாங்குவதும் விற்பதும் வாசனையை மட்டும்தான். உள்ளே என்ன எவ்வளவு இருக்கிறது என்பதை வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. இது மாற வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடுவோம்.

தைம் என்பது மத்தியதரைக் கடல் நாடுகளின் செடி. துளசி, புதினா குடும்பம். நம் ஊரில் நீலகிரி மாதிரிக் குளிர்ந்த இடத்தில்தான் வளரும். ஓமம் கொத்தமல்லி, சீரகம் குடும்பம். ராஜஸ்தான், குஜராத் பக்கம்தான் அதிகம் விளைகிறது. தண்ணீர் தேங்கினால் ஓமத்துக்கு ஆகாது, ஆகவே தஞ்சாவூர்க் களிமண் வயலில் அதைத் தேடிப் பயனில்லை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது நம் வீட்டுத் தொட்டியிலேயே வளர்கிறது: கற்பூரவல்லி. ஓமவல்லி என்றும் சொல்வோம். இதுவும் தைமைப் போலவே துளசிக் குடும்பம். ஓம வாசனை வருவதால் நம்மவர்கள் ஓமவல்லி என்று பெயர் வைத்தார்கள். மூக்கு சொன்னது சரிதான். தைமாலும் அதன் இரட்டைப் பிறவியான கார்வக்ராலும்தான் அந்த இலையின் வாசனைக்கும் முக்கியக் காரணம். இரண்டுக்கும் சூத்திரம் ஒன்றே, சி10 எச்14 ஓ. மூலக்கூறில் ஒரு சிறு பகுதி ஒட்டியிருக்கும் இடம்தான் வேறு.

எண்ணெயை எப்படி எடுக்கிறார்கள்? நீராவியால். செடியையோ இடித்த விதையையோ பாத்திரத்தில் போட்டு நீராவியைச் செலுத்தினால், ஆவியோடு எண்ணெயும் கிளம்பிவிடும். குழாயைக் குளிரவைத்தால் இரண்டும் சேர்ந்து சொட்டும். எண்ணெய் மேலே மிதக்கும், வாசனைத் தண்ணீர் கீழே தங்கும். ஊட்டிப் பக்கம் நீலகிரித் தைலம் வடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. எண்ணெயைப் பிரித்த பிறகு கீழே தங்குகிற அந்தத் தண்ணீர்தான் ஓமத்தைப் பொறுத்தவரை அசல் ஓம வாட்டர். 1868-ல் வெளியான இந்திய மருந்து நூலிலேயே ஓம எண்ணெய்க்கும் ஓம நீருக்கும் இடம் கொடுத்திருந்தார்கள்.

நல்ல ஓமத்தில் 2 முதல் 4 சதவீதம் எண்ணெய் இருக்கும். அந்த எண்ணெயில் ஏறக்குறைய 35 முதல் 60 சதவீதம் தைமால். மிச்சத்தில் பெரும்பகுதி பாரா சைமீன், காமா டெர்பினீன் என்ற இரண்டு. தைமால் வகைத் தைம் எண்ணெயிலும் தைமால் பாதிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். 'தைமால் வகை' என்று ஏன் சொல்கிறேன் என்றால், தைமிலேயே தைமால் அதிகமாக இல்லாத வகைகளும் உண்டு. செடி ஒன்று, பெயர் ஒன்று, ஆனால் எண்ணெயில் லினலூல் என்ற வேறொரு பொருள் மேலோங்கியிருக்கும். அட்டையில் 'தைம்' என்று மட்டும் எழுதினால் எதை வாங்குகிறோம் என்றே தெரியாது.

இந்தத் தைமாலின் வரலாறும் நம் நாட்டோடு சம்பந்தப்பட்டதுதான். 1719-ல் ஜெர்மனியைச் சேர்ந்த காஸ்பர் நியூமன் தைம் எண்ணெயிலிருந்து படிகமாக இதைப் பிரித்தார். இந்திய ஓமத்தில் உறையும் படிகமும் இதுவேதான் என்று 1850-களில் வேதியியலாளர்கள் கண்டுகொண்டார்கள். அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. முதல் உலகப் போர் வரை ஓமம் இந்தியாவிலிருந்து மூட்டை மூட்டையாக ஜெர்மனிக்குப் போயிற்று. அங்கே தைமாலாக மாறி உலகச் சந்தைக்கு வந்தது. விதை நமது, லாபம் அவர்களது. 1914-ல் போர் வெடித்து வரத்து நின்றதும் தைமால் விலை எகிறியது. அதன் பிறகுதான் இந்தியாவிலேயே வடிக்கலாமே என்ற யோசனை வலுத்தது. பொருளாதார வகுப்பில் மூலப்பொருள் ஏற்றுமதி பற்றிப் பாடம் எடுக்கும்போது பருத்தியையும் சணலையும் மட்டும் சொல்கிறார்கள். ஓமத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் தைமாலுக்கு அவ்வளவு கிராக்கி ஏன்? கொக்கிப்புழு. 1880 வாக்கில் இத்தாலிய மருத்துவர் போஸ்ஸோலோ கொக்கிப்புழுவுக்குத் தைமால் கொடுத்துப் பார்த்தார். 1909 முதல் 1914 வரை அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ராக்பெல்லர் ஆணையம் நடத்திய கொக்கிப்புழு ஒழிப்பு வேலையில் தைமால்தான் முக்கிய மருந்து. ஆனால் அதைச் சும்மா கொடுக்கவில்லை. மருந்து சாப்பிடும் நாளில் எண்ணெய், கொழுப்பு, மதுபானம் எதையும் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். ஏன் என்றால் தைமால் இவற்றில் நன்றாகக் கரையும். கரைந்தால் குடலில் புழுவோடு நிற்காமல் மனிதனின் ரத்தத்தில் ஏறிவிடும். பேதி உப்பையும் கொடுத்து மீதியை வெளியேற்றினார்கள். புழுவைக் கொல்லும் பொருள் அளவு மீறினால் ஆளையும் பாதிக்கும் என்று தெரிந்து செய்த வேலை அது.

இந்த ஒரு பாடத்தைத்தான் நாம் மறந்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

தைமால் கிருமியை எப்படிக் கொல்கிறது? பாக்டீரியாவைச் சுற்றி ஒரு கொழுப்புச் சவ்வு இருக்கிறது. தைமால் அதற்குள் நுழைந்து அதைப் பொத்தலாக்குகிறது. உள்ளே இருக்கும் பொட்டாசியமும் சக்திப் பொருளும் கசிந்து வெளியேறி, கிருமி செத்துப்போகிறது. இது கற்பனை இல்லை, ஆய்வுக்கூடத்தில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்ட உண்மை. 1879-ல் அமெரிக்காவில் பிறந்த லிஸ்டரின் வாய் கொப்பளிப்பானில் இன்றைக்கும் தைமால் இருக்கிறது. அளவு எவ்வளவு தெரியுமா? 0.064 சதவீதம். கூடவே யூகலிப்டால், மெந்தால், மெத்தில் சாலிசிலேட் எல்லாம் இத்தனை இத்தனை என்று புட்டியிலேயே எழுதியிருக்கும். தேனீ வளர்ப்பவர்கள் வர்ரோவா என்ற உண்ணிக்கு எதிராகக் கூட்டில் தைமால் வைக்கிறார்கள். அதிலும் எத்தனை கிராம், எத்தனை நாள் என்று கணக்கு உண்டு.

ஆனால் ஆய்வுக்கூடத் தட்டில் நடப்பது வேறு, சோற்றுத் தட்டில் நடப்பது வேறு. 2004-ல் சாரா பர்ட் என்பவர் உணவுப் பொருட்களில் இந்த வகை எண்ணெய்களின் பயனைப் பற்றி ஓர் ஆய்வுத் தொகுப்பு வெளியிட்டார். ஆய்வுக்கூடக் குழம்பில் மில்லிக்கு ஒரு மைக்ரோலிட்டர் அளவிலேயே அடங்கிவிடும் கிருமிகள் உண்டு. உணவிலோ கிராமுக்கு 0.5 முதல் 20 மைக்ரோலிட்டர் வரை தேவைப்பட்டது. உணவில் இருக்கும் கொழுப்பும் புரதமும் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வது ஒரு காரணம். அந்த அளவு ஊற்றினால் கிருமி சாகும், ஆனால் குழம்பை யார் வாயில் வைப்பது?

இதைவிடக் கசப்பான உதாரணம் 2021. ஏப்ரல், மே மாதங்களில் ஆக்சிஜன் கிடைக்காமல் ஊரே தவித்தபோது, கற்பூரம், கிராம்பு, ஓமம், நீலகிரித் தைலம் இவற்றைத் துணியில் முடிந்து முகர்ந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும் என்று வாட்ஸப்பில் செய்தி பறந்தது. ஏறாது. மூக்கு திறந்த மாதிரி ஓர் உணர்வு வரும், அவ்வளவே. இதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கொரோனாவுக்கு எதிரான கிருமிநாசினிகள் என்று வெளியிட்ட பட்டியலில் தைமால் கலந்த திரவங்களும் இருந்தன என்பது உண்மை. ஆனால் அவை மேசையையும் கதவுக் கைப்பிடியையும் துடைப்பதற்கு. இத்தனை நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மேசைக்கு உண்மையாக இருப்பது நுரையீரலுக்கும் உண்மை என்று நினைத்தால் அது ஆபத்து. முடிச்சை முகர்ந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட்டால் அதற்கு விலை உயிர்.

இன்னொரு ஆபத்து மொழியிலேயே இருக்கிறது. தமிழில் எல்லாமே 'எண்ணெய்', இல்லாவிட்டால் 'தைலம்'. கற்பூரவல்லி இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்சினாலும் கற்பூரவல்லி எண்ணெய். நீராவியில் வடித்து எடுத்தாலும் கற்பூரவல்லி எண்ணெய். முன்னது குழந்தையின் நெஞ்சில் பாட்டி தேய்ப்பது. பின்னதைக் கலக்காமல் தேய்த்தால் தோல் எரியும். "நெஞ்சில் எண்ணெய் தேய்" என்று ஒருவர் சொல்ல, கடையில் வடித்த எண்ணெய்ப் புட்டியை இன்னொருவர் வாங்கி வந்தால் என்ன ஆகும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தைமால் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவாகத்தான் கரையும். அதற்கு மேல் கரைய மறுக்கும். ஆகவே ஓம நீரை எவ்வளவு காய்ச்சினாலும் இயற்கையே ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஓம எண்ணெய்க்கு அந்த வரம்பு இல்லை. ஒரே ஒரு சொட்டு எண்ணெயில் கிட்டத்தட்ட 16 மில்லிகிராம் தைமால் வரும். இனி கரையவே கரையாது என்கிற அளவுக்குக் கரைந்த ஓம நீரில் ஏறக்குறைய 18 மில்லிக்கு அது சமம். வீட்டில் கொதிக்க வைத்த ஓமத் தண்ணீர் இந்த உச்சத்தைத் தொடுவதே அபூர்வம். அதாவது ஒரு சொட்டு எண்ணெய் பல பாலாடை ஓம நீருக்குச் சமம். கற்பூரமும் நீலகிரித் தைலமும் சிறு குழந்தையின் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரை கொண்டுபோகும் என்பது மருத்துவர்கள் நன்றாக அறிந்த செய்தி. புதினா உப்பு, ஓம உப்பு, பச்சைக் கற்பூரம் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் தானாகவே உருகித் திரவமாகிவிடும். பார்க்க மாயாஜாலம் மாதிரி இருக்கும். அதில் கற்பூரமும் உண்டு, தைமாலும் உண்டு. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டிய புட்டி அது.

சரி, இப்போது என் பாடத்துக்கு வருகிறேன்.

1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமான கட்டுரை அது. விஷயம் எளிது. கார் நல்லதா ஓட்டையா என்பது விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் சராசரி விலைதான் தருவான். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவன் விற்க மாட்டான். கடைசியில் சந்தையில் ஓட்டைக் கார்கள்தான் மிஞ்சும்.

கார் இருக்கும் இடத்தில் ஓம எண்ணெயை வையுங்கள். 10 மில்லி எண்ணெய் என்பது சுமார் 9 கிராம். ஓமத்தில் 3 சதவீதம் எண்ணெய் என்றால் 300 கிராம் ஓமம் தேவை. ஓமம் கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் விதைக்கே 60 ரூபாய். அதன் மேல் விறகு, கூலி, புட்டி, கடைக்காரர் லாபம். அதே கணக்கைக் கற்பூரவல்லிக்குப் போடுங்கள். ஈர இலையில் எண்ணெய் மிகக் குறைவு. 0.1 சதவீதம் என்று தாராளமாக வைத்தாலும் 10 மில்லிக்கு 9 கிலோ இலை பறிக்க வேண்டும். யாராவது 50 ரூபாய்க்கு 'சுத்தமான வடித்த கற்பூரவல்லி எண்ணெய்' தருகிறேன் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

மகளிர் குழுவில் நாலு பெண்கள் சேர்ந்து ஒழுங்காக வடித்து விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக் கடையில் தண்ணீரில் எசன்ஸ் கலந்து பாதி விலைக்கு விற்கிறார் ஒருவர். மோந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். செயற்கைத் தைமாலும் தொழிற்சாலையில் கிரெசாலிலிருந்து ஏராளமாகத் தயாராகிறது. மூலக்கூறு அதேதான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைக் கலந்துவிட்டு 'இயற்கை' என்று எழுதுவது பொய்க் கணக்கு. இந்தப் போட்டியில் யார் முதலில் கடையை மூடுவார்கள் என்று சொல்ல அகர்லாஃப் தேவையில்லை.

ஆகவே நான் கேட்பது மூன்றே விஷயம். ஒன்று, எந்தச் செடி, காய்ச்சியதா வடித்ததா என்று அட்டையில் தமிழில் இருக்க வேண்டும். இரண்டு, தைமாலும் கார்வக்ராலும் எத்தனை சதவீதம் என்று இருக்க வேண்டும். மூன்று, கிருமியைக் கொல்லும் என்று எழுதினால் எந்தக் கிருமி, எந்த அளவில், எங்கே பார்த்தது, தட்டிலா மனிதனிலா என்று இருக்க வேண்டும்.

"சின்ன வியாபாரி பரிசோதனைக்கு எங்கே போவான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செய்தால் கட்டுப்படி ஆகாதுதான். பத்துக் குழுக்கள் சேர்ந்து ஒரே இடத்தில் வடித்து, ஒரே மாதிரியைப் பரிசோதித்து, செலவைப் பங்கு போட்டால் ஆகும். டெல்டாவுக்கு இது புதிதும் இல்லை. குறுவை அறுப்பில் மழை பிடித்து நெல் நனைந்து முளைத்த காலத்தில் தனி விவசாயி என்ன செய்திருக்க முடியும்? 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையோடு ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து, தஞ்சாவூருக்கு வந்து, 2021 முதல் நிஃப்டெம் என்ற தேசிய நிறுவனமாக நிற்கிறது. உணவைப் பரிசோதிக்கும் கூடம் ஊருக்குள்ளேயே இருக்கும்போது ஓம நீர்ப் புட்டியை மட்டும் மோந்து பார்த்து வாங்குவானேன்?

"மூலிகையை முழுமையாகப் பார்க்க வேண்டும், தைமால் என்று ஒன்றை மட்டும் பிரித்துப் பேசுவது மேல்நாட்டுப் புத்தி" என்றும் சிலர் சொல்வார்கள். சரி, முழுமையாகவே எழுதுங்கள். பத்துப் பொருள் இருந்தால் பத்தின் அளவையும் எழுதுங்கள். எண் எழுதுவதால் மூலிகையின் மதிப்பு குறையாது. தஞ்சாவூர்க்காரர்கள் இதைச் சொல்லக் கூச்சப்படவே வேண்டாம். இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் வைத்து, பல முறை மருத்துவர்களையும் ஒன்றாக உட்காரவைத்து, மருந்துகளைக் கொடுத்துப் பார்த்துப் பலனைப் பதிவு செய்ய வைத்தார். கண் நோயாளிகளின் விவரங்கள் படத்தோடு இன்றும் இருக்கின்றன. சோதித்துக் குறித்துவைப்பதுதான் நம் ஊர்ப் பாரம்பரியம். 'அந்தக் காலத்திலேயே' என்று ஆரம்பித்து ஃபார்வர்டு செய்வது அல்ல.

கடைசியாக நெல்லைப் பற்றி ஒரு வார்த்தை. குதிரிலும் பத்தாயத்திலும் நொச்சி, வேப்பிலை, வசம்பு போட்டு நெல்லைக் காத்த ஊர் இது. இப்போது கிடங்குகளில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைதான். அதிலிருந்து வரும் வாயு கொடிய விஷம், முறிவு மருந்து கிடையாது. அந்த வாயுவுக்கே அசையாத வண்டுகளும் பெருகுகின்றன. தைமால் ஆவி அரிசி வண்டைக் கொல்வது மூடிய ஜாடியில் நிரூபணம் ஆகியிருக்கிறது. ஆனால் ஜாடி வேறு, ஆயிரம் மூட்டை அடுக்கிய கிடங்கு வேறு. மூட்டைக்குள் ஆவி போய்ச் சேருமா, சோற்றில் ஓம வாசனை அடிக்குமா, குவிண்டாலுக்கு என்ன செலவு? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால் அது டெல்டாவுக்குப் பெரிய விஷயம். விடை 'முடியாது' என்று வந்தாலும் நல்லதுதான், வேறு வழியைத் தேடலாம். விடையே இல்லாமல் 'இயற்கைப் பூச்சிக்கொல்லி' என்று புட்டியில் எழுதி விவசாயி தலையில் கட்டினால், நஷ்டம் அவர் பத்தாயத்தில்தான் தெரியும்.

ஓமம் நல்ல சரக்கு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நல்ல சரக்கு வைத்திருப்பவன் தராசுக்குப் பயப்பட வேண்டியதில்லை. அடுத்த முறை கடையில் ஓம வாட்டரோ மூலிகை எண்ணெயோ கேட்கும்போது, மோந்து பார்ப்பதற்கு முன்னால் அட்டையைத் திருப்பி, "அண்ணே, இது வடித்ததா காய்ச்சினதா? தைமால் எவ்வளவு?" என்று கேளுங்கள். கடைக்காரர் முறைப்பார். பத்துப் பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியிடம் கேட்பார். நூறு பேர் கேட்டால் அட்டையில் அச்சாகி வரும். சந்தை அப்படித்தான் வேலை செய்யும் என்று எங்கள் பாடப்புத்தகம் சொல்கிறது. ஓமத்தில் அதைச் சோதித்துப் பார்த்துவிடலாமே.